இகுவானாவுக்கு எந்த இலை? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து இலைப் பெயர்க் குழப்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இகுவானா, தாடி ஓணான் போன்றவற்றை வளர்க்கிறவர்கள் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். பெரும்பாலும் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான்: "அவர்கள் சொல்லுகிற இலையும் எங்கட ஊர் இலையும் ஒன்றா?" குழப்பம் வருவதில் ஆச்சரியமே இல்லை. உணவுப் பட்டியலை அமெரிக்காவில் யாரோ எழுதுகிறார், சென்னையிலிருந்து ஒருவர் அதைத் தமிழில் சொல்கிறார், நாம் அதைப் போனில் பார்த்துக்கொண்டு கல்முனைச் சந்தையில் நிற்கிறோம், இலை விற்கிற ராத்தா வேறொரு பெயர் சொல்கிறார், அம்பாறை டவுனுக்குப் போனால் அதே கட்டுக்குச் சிங்களத்தில் இன்னொரு பெயர். இதற்குள் இகுவானா பசியோடு இருக்கும்.

இகுவானா என்றால் உடும்புதானே? பெரிய அகராதியிலேயே அப்படிப் போட்டிருக்கிறதே?

இல்லை. சில இடங்களில் உடும்பு என்றும் சில இடங்களில் பேரோந்தி என்றும் எழுதுகிறார்கள், ஆனால் நம் பற்றைகளில் ஓடுகிற உடும்பு முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. பூச்சி, முட்டை, நண்டு, செத்தது எதுவும் அதற்குச் சரி. பச்சை இகுவானா மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தது, இலைதான் அதன் சாப்பாடு, பெருங்குடலில் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கிற உடலமைப்பு. "உடும்புக்கு என்ன கொடுக்கலாம்" என்று தேடிப் பார்த்துவிட்டு இகுவானாவுக்கு முட்டையும் கோழி ஈரலும் போட்டவர்கள் இருக்கிறார்கள். மிருகப் புரதம் தொடர்ந்து உள்ளே போனால் அதன் சிறுநீரகம் பழுதாகும், மூட்டில் யூரிக் அமிலம் படியும். தாடி ஓணான் அவுஸ்திரேலியாவுக்குரியது, அது குட்டியில் பூச்சியை அதிகமாகவும் வளர்ந்தபின் இலையை அதிகமாகவும் தின்னும். கீழே நான் சொல்லுவது முக்கியமாக இகுவானாவுக்கு, வளர்ந்த தாடி ஓணானுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வீட்டில் வளர்க்கச் சட்டம் விடுமா?

உடும்பு, கபரகொய்யா, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு ஊர்வனவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு இருக்கிறது. வெளிநாட்டு ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவரவும் அனுமதி வேண்டும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் பச்சை இகுவானா இருக்கிறது. வாங்குகிற இடத்தில் கடதாசி கேளுங்கள். கடதாசி இல்லை, "பிரச்சினை வராது மச்சான்" என்று மட்டும் சொன்னால் வாங்காதீர்கள். அதோடு, இது வாலோடு சேர்த்து ஐந்தடிக்கு வளர்கிற பிராணி, பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். கையில் அடங்குகிற குட்டியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

"தினமும் கீரை கொடுங்கள்" என்று இந்திய வீடியோ ஒன்றில் சொன்னார்கள். தினமும் கீரை போடுகிறேன். சரிதானே?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கீரை என்றால் சமைத்துச் சாப்பிடுகிற எல்லா இலைக்கும் பொதுப்பெயர். முருங்கையும் கீரை, அகத்தியும் கீரை, பசலையும் கீரை. நம் பக்கம் அப்படியல்ல. பொதுவாகச் சொல்ல "இலை வகை", "இலைக்கறி" என்போம். சந்தையில் போய்ச் சும்மா "கீரை ஒரு கட்டு தாங்க" என்று கேட்டால் கையில் வருவது முளைக்கீரைதான், பச்சையோ சிவப்போ, சிங்களத்தில் தம்பல என்கிறார்களே அது. ஆக அவர் சொன்னது "பலவித இலை கொடுங்கள்" என்று, நீங்கள் செய்வது ஒரே இலையை நாள் தவறாமல் கொடுப்பது.

முளைக்கீரையில் என்ன குறை? கல்சியம் நிறைய இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒக்சலேட்டும் நிறைய இருக்கிறது. ஒக்சலேட் குடலுக்குள்ளேயே கல்சியத்தைப் பிடித்துக் கட்டிக்கொண்டு கழிவோடு போய்விடும். மனிதருக்கு இது பெரிய விசயமில்லை, நாம் அவித்துத் தண்ணீரை ஊற்றுகிறோம், கூட மீன், பால், பருப்பு என்று வேறு சாப்பாடும் சாப்பிடுகிறோம். இகுவானாவுக்கு இலைதான் சோறும் கறியும், அதுவும் பச்சையாக. உணவில் பொஸ்பரஸைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கல்சியம் இருக்க வேண்டும் என்பது ஊர்வன வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. கல்சியம் கிடைக்காவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். தாடை இறப்பர் மாதிரி மெத்தென்று ஆகும், பின்னங்கால் தொடை வீங்கும் (பார்க்கிறவர்கள் "நல்லாக் கொழுத்திருக்கு" என்பார்கள்), விரல் நடுங்கும், ஏற முயன்று விழும். அந்த நிலையில் இலையை மாற்றினால் மட்டும் போதாது, மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

முளைக்கீரையை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. கிழமையில் ஒருநாள், மற்ற இலைகளோடு ஒரு கைப்பிடி கலந்து போடலாம்.

பசளி, பசலை, ஸ்பினாச், நிவித்தி: எல்லாம் ஒன்றா?

முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்று. நாம் பசளி என்கிறோம், தமிழ்நாட்டில் பசலை, கொடிப்பசலை. தண்டு தடிப்பு, இலை சதைப்பிடிப்பு, நகத்தால் கிள்ளினால் வழுவழுவென்று நூல் மாதிரி இழுபடும், வேலியில் ஏறிப் படரும், பழுத்தால் கருஞ்சிவப்புப் பழம் கையில் சாயம் பிடிக்கும். தாவரப் பெயர் பசெல்லா அல்பா. சிங்களத்தில் நிவித்தி என்று கட்டிவைத்திருப்பது பெரும்பாலும் இதே கொடிதான்.

ஸ்பினாச் வேறு குடும்பம், ஸ்பினாசியா ஒலரேசியா. குளிர்ப் பிரதேசச் செடி, நம் வெயிலுக்குச் சரிவராது. வெளிநாட்டுப் பட்டியல்களில் "ஸ்பினாச் வேண்டாம், மிகக் குறைவாக" என்று எச்சரிப்பது இந்தச் செடியை. தமிழாக்கம் செய்கிறவர்கள் இரண்டையும் பசலை என்று எழுதிவிடுவதால் பசளிக்கும் கெட்டபெயர் வந்துவிட்டது. பசளி சுத்தமான சாமி என்றும் சொல்ல மாட்டேன், அதிலும் ஒக்சலேட் உண்டு. இடைக்கிடை கொஞ்சம். அதற்கு மேல் வேண்டாம்.

கொலார்ட், கேல், டான்டிலயன், டேர்னிப் இலை என்றுதான் எல்லாப் பட்டியலும் ஆரம்பிக்கிறது. மட்டக்களப்பில் எங்கே வாங்கலாம்?

கேல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் சிலவேளை வரும், வாடிப்போய், விலையும் கூட. மற்றதைத் தேடி அலைய வேண்டாம். அந்தப் பட்டியல் அமெரிக்கக்காரர் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கிடைப்பதை வைத்து எழுதியது, அவருக்கு அகத்தி கிடைத்திருந்தால் அதைத்தான் முதலாவதாக எழுதியிருப்பார்.

வெறும் ஊர்ப்பற்றில் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். கொலார்ட் இலை 100 கிராமில் கல்சியம் 230 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையில் அகத்திக்குக் கல்சியம் 1130 மில்லிகிராம், பொஸ்பரஸ் 80. முருங்கை இலைக்கு 440, 70. அதே அட்டவணையில் கோவாவுக்குக் கல்சியம் 39, பொஸ்பரஸ் 44, அதாவது தலைகீழ். மண்ணுக்கு மண், இலையின் முற்றலுக்கு முற்றல் இது மாறும், ஆனால் எது மேலே எது கீழே என்பது மாறாது. படுவான்கரைப் பக்கம் வெற்றிலைக் கொடி ஏற்றுவதற்கென்று வேலியோரம் அகத்தி நட்டிருப்பார்கள், கேட்டால் ஒரு கொப்பு முறித்துச் சும்மாவே தருவார்கள். இதை விட்டுவிட்டு வாடின கேலுக்குக் காசு கொடுப்பது எனக்கு விளங்காத விசயம்.

சரி, அகத்தி எது, முருங்கை எது? சிங்களக் கடையில் "கத்துருமுருங்க" என்று தந்தார்கள், அது முருங்கை வகையா?

கத்துருமுருங்க என்பது அகத்திதான். பெயருக்குள் முருங்கை இருக்கிறது, முருங்கையோடு உறவில்லை. அகத்தி அவரை, பயறு இனத்தைச் சேர்ந்தது, செஸ்பேனியா கிராண்டிஃபுளோரா. முருங்கை தனிக்குடும்பம், மொரிங்கா ஒலிஃபெரா.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற வாய்ப்பே இல்லை. அகத்தியில் நடு ஈர்க்கு ஒன்று, அதன் இரண்டு பக்கமும் சோடி சோடியாக நீள்சதுர இலைகள், புளிய இலையைப் பெரிதாக்கின மாதிரி, பூ கிளி மூக்கு வளைவில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ பெரிதாக இருக்கும். முருங்கையில் ஈர்க்கு கிளைவிட்டு, கிளை மறுபடி கிளைவிட்டு, நுனியில் சின்ன வட்ட இலைகள், கசக்கினால் காரமான மணம். இரண்டையும் ஈர்க்கிலிருந்து உருவி, இலையை மட்டும் போடுங்கள். அகத்திப் பூவையும் போடலாம், விரும்பித் தின்னும். கைப்பு காரணமாக ஆரம்பத்தில் அகத்தியைத் தள்ளிவிட்டால் செவ்வரத்தம்பூவைக் கிள்ளி மேலே தூவிக் கொடுங்கள், பழகிவிடும். எவ்வளவு நல்லதென்றாலும் அகத்தி மட்டுமே போதும் என்று நிற்காதீர்கள். ஒரு தட்டில் மூன்று வகை இலையாவது இருக்கட்டும்.

செம்பருத்தி நல்லதென்கிறார்கள். அது பருத்தி இனமா? எங்கே கிடைக்கும்?

உங்கள் வாசலில். தமிழ்நாட்டார் செம்பருத்தி என்பது நம் செவ்வரத்தை. சிங்களத்தில் வத மல். இலையும் பூவும் மொட்டும் எல்லாமே இகுவானாவுக்கு நல்லது, பச்சையாக அப்படியே. ஓரம் வாள்ப்பல் மாதிரி வெட்டுண்ட இலை, கசக்கினால் வழுவழுப்பு, பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டு. நாற்றுமேடையில் புதிதாக வாங்கின செடி என்றால் உடனே பறிக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். புது இலை தள்ளி வரும்வரை விடுங்கள்.

அப்போ கோயிலுக்குப் பூப் பறிக்கும்போது அலரியும் சேர்த்துப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். கோயில் பூந்தோட்டத்தில் செவ்வரத்தையும் அலரியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், பிள்ளைகள் ஒரே கூடையில் பறித்துக்கொண்டு வருவார்கள், அதனால்தான் இதற்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன்.

இந்தப் பெயருக்குள் குறைந்தது மூன்று மரம் இருக்கிறது. நாம் அலரி என்றும் தமிழ்நாட்டார் அரளி என்றும் சொல்லுவது நேரியம் ஒலியாண்டர்: ஒடுங்கிய, தோல் மாதிரித் தடித்த இலை, ஒரு கணுவில் மூன்று மூன்றாக நிற்கும், பூ றோஸ் அல்லது வெள்ளை. மஞ்சள் அலரி இன்னொன்று, மணி போலத் தொங்கும் மஞ்சள் பூ, உடைத்தால் பால், அதன் விதையைத் தின்று எத்தனை பேர் போனார்கள் என்று நம் ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும். இரண்டும் இருதயத்தை நிறுத்துகிற நஞ்சு, ஓரிரண்டு இலையே ஒரு இகுவானாவுக்குக் கூடிப்போகும். மூன்றாவது, சிங்களத்தில் அரலிய என்பது. கொழும்பில் பிரதமரின் அலரி மாளிகை இருக்கிறதே, அந்த "அலரி" இந்த அரலிய மரம்தான், தடித்த கொப்பும் ஐந்திதழ் வாசனைப் பூவுமாக விகாரைகளில் நிற்பது. பழைய தமிழில் ஈழத்தலரி என்பார்கள். இது மற்ற இரண்டளவு கொடியதல்ல, ஆனாலும் பால் வடியும் மரம், உணவல்ல. பெயரை வைத்துப் பிரித்துக்கொண்டிருக்காமல் மூன்றையும் ஒதுக்குங்கள். கூடையில் கலந்து வந்திருந்தால் பொறுக்கிப் பிரிக்கவும் வேண்டாம், அன்றைக்கு அந்தக் கூடைப் பூ முழுதையும் விட்டுவிடுங்கள்.

முசுக்கட்டை இலை போடலாம் என்று வாசித்தேன். எங்கள் வேலியில் முசுட்டை நிறைய இருக்கிறது...

இரண்டும் வேறு. தமிழ்நாட்டில் முசுக்கட்டை, முசுக்கொட்டை என்பது மல்பெரி மரம், பட்டுப்புழு தின்கிற இலை. அது இகுவானாவுக்கு மிக நல்ல உணவு, நாமும் ஒரு தடியை வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். நம் முசுட்டை, இலையின் அடிப்பக்கம் வெள்ளிப் பட்டு மாதிரி மினுங்குகிற படர்கொடி, சுண்டலுக்கும் இலைக்கஞ்சிக்கும் போடுவது. மனிதர் சமைத்துச் சாப்பிடலாம் என்பதால் ஊர்வனவுக்குப் பச்சையாகப் போடலாம் என்று ஆகாது. முசுட்டையை உங்கள் சுண்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி ஒன்று, முந்திரி. பழைய முறையில் நாம் முந்திரிகை என்றால் திராட்சை, அதன் இளம் இலை கொடுக்கலாம். தமிழ்நாட்டில் முந்திரி என்றால் நம் கஜு, மரமுந்திரிகை. அதன் கொட்டைத்தோலில் உள்ள எண்ணெய் கையில் பட்டாலே வெந்துபோகும், அந்த மரத்து இலை வேண்டாம். வாகரைப் பக்கம் கஜுத் தோட்டத்துக்குள் வீடு உள்ளவர்கள் இகுவானாவை முற்றத்தில் விடும்போது கவனம்.

கோவா, சலாது, லீக்ஸ் எப்படி?

தம்புள்ளையிலிருந்து லொறியில் வருகிற மரக்கறிகள்தானே. கோவா (இந்திய வீடியோவில் முட்டைக்கோஸ்) எப்போதாவது கொஞ்சம், அதிகமானால் தைரொயிட்டைக் குழப்பும். சலாது இலை, அவர்கள் லெட்யூஸ் என்பது, தண்ணீர்தான், வயிறு நிறையும், சத்து இருக்காது. லீக்ஸ், வெங்காயத்தாள், உள்ளி இனம் எதுவும் வேண்டாம். கரட்டைத் துருவிக் கொஞ்சம் சேர்க்கலாம். போஞ்சி, அதாவது பீன்ஸ், பொடியாக வெட்டிப் போடலாம். நோக்கோலின் கிழங்கை விட மேலே நிற்கும் இலை நல்லது, கடைக்காரர் அதை முறித்து எறிந்துவிடுவார், கேட்டு வாங்குங்கள்.

வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன்?

வல்லாரைக்குப் பெயர்க் குழப்பம் இல்லை, சிங்களத்தில் கொட்டுகொல. கொடுக்கலாம். பொன்னாங்காணி தமிழ்நாட்டில் பொன்னாங்கண்ணி, சிங்களத்தில் முகுனுவென்ன. முளைக்கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அதற்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் உண்டு. கங்குன் தமிழ்நாட்டுப் பட்டியலில் வள்ளைக்கீரை என்று இருக்கும். வற்றாளைக்கு ஒன்றுவிட்ட சகோதரம், கொஞ்சமாகக் கொடுக்கலாம், ஆனால் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று பாருங்கள். டவுன் வடிகானோரம் தளதளவென்று நிற்கும் கங்குன் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம், கழிவுநீரில் உள்ளதெல்லாம் இலைக்குள் இருக்கும். கட்டை அவிழ்த்து உதறினால் சிலவேளை அட்டையும் விழும்.

மருந்துக்கு நல்ல இலைகள், குறிஞ்சா, தூதுவளை, முடக்கொத்தான்? சளிக்குக் கொடுக்கலாமா?

மருந்து என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிறகு எப்படிச் சாப்பாடாகும்? தூதுவளை, மணத்தக்காளி இரண்டும் கத்தரி, தக்காளிக் குடும்பம், அந்தக் குடும்பத்து இலை எதுவும் வேண்டாம். குறிஞ்சா என்ற பெயரில் சுண்டலுக்கு வருவது ஒன்று, சிறுகுறிஞ்சா என்று சீனி வியாதிக்கு விற்பது இன்னொன்று, இரண்டையும் விடுங்கள். முடக்கொத்தான் (அங்கே முடக்கத்தான்) உங்கள் மூட்டுவலிக்கு இருக்கட்டும். இகுவானாவின் மூக்கில் வெள்ளையாகக் காய்ந்திருப்பது அநேகமாகச் சளியே இல்லை, மேலதிக உப்பை அது தும்மி வெளியேற்றுகிறது. வாயைத் திறந்து மூச்சுவிட்டால், குமிழி வந்தால், வைத்தியர்.

தவசிக்கீரை அல்லது "மல்டிவிட்டமின் கீரை" என்று இந்தியப் பட்டியல்களில் வருவது சிங்களத்தில் ஜப்பான் பட்டு. தாய்வானில் 1990களின் நடுப்பகுதியில் மெலிவதற்காக இதைப் பச்சையாக அரைத்துக் குடித்தவர்களுக்கு நுரையீரல் பாழானது. பச்சையாகத் தின்கிற பிராணிக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

ஆடு தின்கிறதே, கிளிசரீடியா, இப்பில் இப்பில், மரவள்ளி இலை? ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டுக்கு நாலறை வயிறு. அசைபோடுகிற மிருகத்தின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பல நஞ்சை முன்கூட்டியே உடைத்துவிடும், இகுவானாவுக்கு அந்த வசதி பின்பக்கத்துக் குடலில்தான் இருக்கிறது, அதற்கு முன்பே நஞ்சு இரத்தத்தில் ஏறிவிடும். கிளிசரீடியாவுக்கு எலி கொல்லி என்று பெயரே உண்டு. இப்பில் இப்பிலில் (தமிழ்நாட்டில் சவுண்டல், சூபாபுல்) மிமோசின் என்ற நஞ்சு. மரவள்ளி இலையில் சயனைட் உண்டாக்கும் பொருள். சேம்பு இலை வாயையும் தொண்டையையும் அரிக்கும். எல்லாம் வேண்டாம்.

ஆனால் வற்றாளை இலை, அதாவது தமிழ்நாட்டாரின் சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை, நல்லது. மரவள்ளி, சர்க்கரைவள்ளி என்று இரண்டிலும் வள்ளி இருப்பதால் மாற்றிப் பறித்துவிடாதீர்கள்: மரவள்ளி கை விரல் விரித்த மாதிரிப் பிரிந்த இலையோடு நிமிர்ந்து நிற்கும் செடி, வற்றாளை நிலத்தில் படரும் கொடி.

பூசணி, வத்தக்கா, பழங்கள்?

நம் வத்தகப்பழம் தர்ப்பூசணி, சிங்களத்தில் வட்டக்கா என்றால் பூசணிக்காய். உறவுக்காரரின் கடைப் பையனை அனுப்பி "வட்டக்கா" வாங்கிவரச் சொன்னால் எது வரும் என்பது அவன் எந்தப் பாடசாலையில் படித்தான் என்பதைப் பொறுத்தது. நல்லவேளை, இரண்டும் ஆபத்தில்லை. மஞ்சள் பூசணியைத் துருவிப் போடலாம், தமிழ்நாட்டில் இதைப் பரங்கி என்பார்கள், அவர்களில் சிலர் பூசணி என்பது நம் நீற்றுப்பூசணி. வத்தகப்பழம் வெயில் நாளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். பப்பாசி, அவர்களின் பப்பாளி, பழங்களுக்குள் நல்லது. ஆனால் பழம் முழுத் தட்டில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது, இனிப்புப் பழகினால் இலையைத் தொடாது.

ஒன்றே ஒன்று கவனம்: கொய்யா கொடுக்கலாம், ஆனைக்கொய்யா கூடாது. ஆனைக்கொய்யா என்பது அவகாடோ, பழமும் இலையும் பல பிராணிகளுக்கு நஞ்சு.

சந்தையில் எப்படிக் கேட்டால் பிழையில்லாமல் வாங்கலாம்?

பெயரைச் சொல்லாமல் படத்தைக் காட்டுங்கள். களுவாஞ்சிக்குடியிலோ காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ காலையில் இலைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் போனில் படத்தைப் பார்த்ததும் "ஓ இதுவா மகன், இதுக்குப் போய்..." என்று எடுத்து நீட்டுவார்கள். பூ, காய், இலை நிற்கும் விதம் மூன்றும் தெரிகிற படமாக இருக்கட்டும். வைத்தியரோடோ வெளிநாட்டில் வளர்க்கிறவர்களோடோ பேசும்போது தாவரவியல் பெயரைச் சொல்லுங்கள், அது மட்டக்களப்பிலும் மெக்சிக்கோவிலும் ஒன்றுதான். "எங்கட ஊரில் இதைச் சாப்பிடுவோம்" என்பது அவர்களுக்கு எதுவும் சொல்லாது.

"ஆருக்குத் தம்பி இவ்வளவு அகத்தி, விரதமா?" என்று கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இகுவானா என்று விளக்கப் போனால் வெயில் ஏறிவிடும்.

கழுவினால் போதுமா?

ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, மறுபடி அலசுங்கள். மருந்தடித்த இலைக்கு இதுவும் முழுதாக உதவாது, ஆகவே தெரிந்த வளவில் பறித்ததே மேல். ஒரு ஓட்டையும் இல்லாமல் பளபளவென்று இருக்கிற கட்டைப் பார்த்து நான் சந்தோசப்படுவதில்லை. மற்றது, இகுவானாவைத் தொட்டபின் உங்கள் கையையும் கழுவுங்கள், வயிற்றோட்டம் உண்டாக்கும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம். இகுவானாவின் தட்டைக் குசினித் தொட்டியில் கழுவ வேண்டாம்.

எல்லா இலையும் சரியாகத்தான் போடுகிறேன், ஆனாலும் கால் நடுங்குகிறது. ஏன்?

வெயில் இல்லை. கல்சியத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டி3 விற்றமின் வேண்டும், அதற்குப் புறஊதா பி கதிர் தோலில் படவேண்டும், ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதற்கு வெளிநாட்டு லைட் தேடுகிறார்கள்! கம்பிவலைக் கூட்டில் காலை வெயிலில் வையுங்கள், பாதிக் கூட்டுக்கு நிழல் இருக்கட்டும், தண்ணீர் இருக்கட்டும். நடுப்பகலில் நிழலில்லாமல் விட்டால் செத்துவிடும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைப்பது எந்த நேரத்திலும் கூடாது. நடுக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதென்றால் வெயிலை நம்பி இருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாய் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்று விற்றவர் சொன்னார்.

வளரும். சிறுநீரகமும் சீக்கிரம் போகும்.

மாரியில் இலை கிடைப்பதில்லை, என்ன செய்வது?

கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் ஏறினால் நிலத்து இலை எல்லாம் அழுகிவிடும், சந்தைக்கும் வராது, வந்தாலும் சேறு. அந்த நேரத்துக்கு மரத்து இலைதான் கை கொடுக்கும். செவ்வரத்தை, அகத்தி, முருங்கை, மல்பெரி நான்கையும் வளவில் மேட்டுப்பக்கமாக இப்போதே நட்டுவிடுங்கள், முருங்கை தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிச் சாய்ந்துவிடும் என்பதால் மேடு முக்கியம். காற்றுக்கு முறியாமல் ஆளுயரத்தில் வெட்டி வைத்தால் பக்கக்கொப்பு விட்டு இலையும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். உறைபெட்டியில் இலையை வைத்து எடுத்தால் பி1 விற்றமின் குறையும், ஓரிரு நாளைக்குப் பரவாயில்லை, மாதக்கணக்கில் அதையே கொடுக்காதீர்கள். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் செவ்வரத்தை இலை சில நாள் தாங்கும், அகத்தி அடுத்த நாளே கொட்டத் தொடங்கும், ஆகவே அதை முதலில் கொடுத்து முடியுங்கள்.